மழைக்கு முன் வீட்டுக் குழாய் வேலை: எதை முதலில் பார்ப்பது?

புதுவீடு (வேளச்சேரி)

வணக்கம். வேளச்சேரியில் 2004-ல் கட்டிய வீடு ஒன்றை இந்த ஆண்டு வாங்கினோம். தரைத்தளத்தில் நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். மெட்ரோ வாட்டர், போர், சம்ப், மொட்டை மாடியில் இரண்டு சின்டெக்ஸ், பாதாளச் சாக்கடை இணைப்பு எல்லாம் இருக்கிறது. வாடகை வீட்டில் இருந்தவரை குழாய் ஒழுகினால் ஓனருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. இப்போது அந்த போன் எங்களுக்கு வருகிறது.

செப்டம்பர் பாதி ஆகிவிட்டது. ஒரு பிளம்பர் வந்து பார்த்துவிட்டு ஷவர், வாஷ்பேசின் குழாய், ஃபிளஷ் டேங்க் என்று பெரிய பட்டியல் கொடுத்திருக்கிறார். மழைக்கும் ஷவருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? கையில் இருப்பது ஒரு மாதம், பட்ஜெட்டும் சின்னதுதான்.

குழாய்க்காரன் (மேற்கு மாம்பலம்)

மேடம், நானும் பிளம்பர்தான். ஷவரைத் தை மாதத்தில்கூட மாற்றிக்கொள்ளலாம். இப்போது வீட்டைவிட்டு வெளியே போகிற தண்ணீரைப் பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர் எந்த பைப்பில் இறங்கி எங்கே போகிறது? சம்ப் மூடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கடைசி சேம்பர் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த வீட்டுக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் இதைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் செலவைப் பேசலாம்.

மொட்டைமாடி

மாடியில் பைப் வாயில் இருக்கும் ஜாலியை (குப்பையைத் தடுக்கும் சல்லடை மூடி) கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் வாதாமரமோ வேப்பமரமோ இருந்தால் பைப் வாயில் ஒரு குப்பைமேடே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கிரிக்கெட் பந்து வந்தது. இதற்குப் பிளம்பர் வேண்டாம், கையுறை போதும். சன்ஷேடு மேலே தேங்கும் தண்ணீருக்கும் சின்ன பைப் விட்டிருப்பார்கள். அது அடைத்தால்தான் உள்சுவரில் ஓதம் ஏறும். மாடி வழிவதற்கு முன்பே இது வந்துவிடும்.

பழைய ஏ.இ.

குழாய்க்காரன் சொன்ன முதல் கேள்விதான் முக்கியம். கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் ஏன் என்று புரியும்.

1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. அது 9,300 லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. அந்த மழை இந்த மாடியில் விழுந்திருந்தால் 45,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட 4 லாரி.

இப்போது அடுத்த பக்கம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். உங்கள் வீட்டில் இரண்டு குடும்பம் சேர்த்து 8 பேர் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 லிட்டர் கழிவுநீர். தெருவில் ஓடும் சாக்கடைக் குழாய் அந்த 1,000 லிட்டருக்காகப் போட்டது. சென்னையில் மழைநீர் வடிகால் தனி, பாதாளச் சாக்கடை தனி. மாடித் தண்ணீரைச் சாக்கடைச் சேம்பரில் இணைத்திருந்தால், ஒரு நாள் முழுக்க 1,000 லிட்டர் வரவேண்டிய குழாயில் சில மணி நேரத்தில் 9,300 லிட்டர் வந்து இறங்கும். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி இருந்தால் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு வழியாமல் வேறு என்ன செய்யும்?

உங்கள் வீட்டில் எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. சொட்டு நீலம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் தாராளமாகக் கலந்து, மாடியில் ஒவ்வொரு மழைநீர் பைப்பிலும் தனித்தனியாக ஊற்றி, பின்னாலேயே இரண்டு மூன்று வாளி சாதாரணத் தண்ணீரும் ஊற்றுங்கள். கீழே ஒருவர் சேம்பர் மூடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நீலம் எந்தச் சேம்பரில் தெரிகிறது என்று பாருங்கள். சேம்பருக்குள் தலையை நீட்ட வேண்டாம், தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்.

தண்ணிலாரி

ஏ.இ. சார், எங்கள் தெருவில் பாதிப் பேர் மாடித் தண்ணீரைச் சாக்கடையில்தான் விட்டிருக்கிறார்கள். நான் ஒருத்தன் காசு செலவழித்து மாற்றினால் தெரு வெள்ளம் வடிந்துவிடுமா? சட்டம் பேசுவது சுலபம்.

பழைய ஏ.இ.

@தண்ணிலாரி தெருவை விடுங்கள், உங்கள் வீட்டை மட்டும் பாருங்கள். தெருக் குழாய் நிரம்பியதும் உங்கள் வீட்டு லைன் வெளியே தள்ள முடியாமல் நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் மாடித் தண்ணீரும் அதே லைனில் வந்தால், எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கே வெளியே வரும். உங்கள் வீட்டில் அது தரைத்தளக் குளியலறை நஹானி டிராப், அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் துளை. அதாவது பக்கத்து வீட்டுச் சாக்கடை வருவதற்கு முன்பே உங்கள் சொந்த மாடித் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து உங்கள் குளியலறைக்கு வந்துவிடும். மாற்றுவதில் முதல் லாபம் உங்களுக்குத்தான்.

தண்ணிலாரி

இது நான் யோசிக்காத கோணம். சரி, நீலம் வாங்குகிறேன்.

புதுவீடு

ஞாயிற்றுக்கிழமை நீலம் ஊற்றிப் பார்த்தோம். மாடியிலிருந்து மூன்று பைப் இறங்குகிறது. சமையலறைப் பக்கம் இருப்பது நேராகச் சாக்கடைச் சேம்பரில் வருகிறது. பக்கவாட்டில் இருப்பது காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் விழுகிறது. முன்பக்கப் பைப் போர்ட்டிகோ தரைக்குள் போய்க் காணாமல் போய்விட்டது. எந்தச் சேம்பரிலும் நீலம் வரவில்லை. தரை மேலே முழுக்க டைல்ஸ்.

குழாய்க்காரன்

டைல்ஸுக்குக் கீழே மழைநீர்க் குழி இருக்கும் மேடம். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று ஆனது. அதற்கு அடுத்த வருடம் கட்டிய வீடு, குழி இல்லாமல் இருக்காது. பின்னால் டைல்ஸ் போட்டவர்கள் மூடியையும் சேர்த்து மூடியிருப்பார்கள். பைப் இறங்குமிடத்துக்குப் பக்கத்தில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் சத்தம் வெற்றாகக் கேட்கும்.

குழியைத் திறந்தால் மேலே ஒரு அடிக்கு வண்டல் இருக்கும். அதை வாரி எடுத்துவிட்டு, கூழாங்கல்லை வெளியே கொட்டிக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மணல் இருந்தால் கழுவாதீர்கள், புது மணல் போடுங்கள். பிறகு பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டால் குழி உயிரோடு இருக்கிறது. மறுநாளும் தண்ணீர் நின்றால் கீழே களிமண், வெறும் குழி போதாது.

பழைய ஏ.இ.

வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். களிமண் அடுக்குக்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் குழிக்குள் ஒரு சின்ன போர் போட்டு, களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை இறக்க வேண்டும். இல்லையென்றால் பெருமழையில் குழி நிரம்பி, போர்ட்டிகோவில் வழிந்து, நேராகச் சம்ப் பக்கம் வரும்.

போர் போட்டாலும் குழிக்கு ஓவர்ஃப்ளோ ஒன்று கட்டாயம். அதன் வாய் தெருவின் மழைநீர் வடிகால் பக்கம் இருக்கட்டும், சாக்கடைச் சேம்பர் பக்கம் வேண்டாம். சமையலறைப் பக்கத்துப் பைப்பையும் அந்தச் சேம்பரிலிருந்து அறுத்துவிட்டு, சுவர் ஓரமாகவே கொண்டுவந்து குழியில் சேருங்கள். நான்கு அங்குல பைப், நல்ல வாட்டம். எல்போ வருமிடத்தில் திறந்து மூடும் மூடி வைத்த வளைவு (பெண்ட்) போட்டால் பின்னால் அடைப்பு எடுக்கலாம். அறுத்த இடத்தில் சேம்பர் துளையைப் பூசி அடைக்க மறக்காதீர்கள். பல வீடுகளில் இதைத் திறந்தபடி விட்டு எலிக்கு வாசல் வைத்துக் கொடுக்கிறார்கள்.

தெரு வடிகாலே அடைத்திருந்தால் மாநகராட்சி 1913. சாக்கடை என்றால் மெட்ரோ வாட்டர் 1916. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பேசிப் பாதி நாள் போகிறது மக்களுக்கு.

கீழ்வீடு (கோடம்பாக்கம்)

நாங்கள் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள். ஒரே ஒரு வேலை செய்வதாக இருந்தால் சாக்கடை லைனில் ரிவர்ஸ் வராமல் இருக்க ஒரு வால்வு போடுங்கள் என்பேன். கடைசி சேம்பரில் ஒரு மடல் மாதிரி இருக்கும், தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், உள்ளே வந்தால் மூடும். மாட்டிய பிறகு எந்த மழையிலும் தெருச் சாக்கடை உள்ளே வந்ததில்லை.

குழாய்க்காரன்

வால்வு நல்லதுதான். ஆனால் கடைசி சேம்பரில் போட்டால் ஒரு விஷயம் இருக்கிறது. மடல் மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் இருப்பவர்கள் குளித்து, துணி துவைத்து, ஃபிளஷ் அழுத்தினால் அது எங்கே போகும்? உங்கள் நஹானி டிராப் வழியாக உங்கள் வீட்டுக்குள். தெருச் சாக்கடை வரவில்லை, மாடிச் சாக்கடை வந்தது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

கீழ்வீடு

எங்கள் மாடியில் ஆள் இல்லை, பூட்டித்தான் கிடக்கிறது. அதனால் தெரியவில்லை போலும்.

பழைய ஏ.இ.

குழாய்க்காரன் சொல்வது முழுக்கச் சரி. தீர்வும் இருக்கிறது. வால்வைத் தரைத்தள லைனுக்கு மட்டும் போட வேண்டும். மாடி லைனை வால்வுக்கு அடுத்த பக்கத்தில், தெருவை ஒட்டிய சேம்பரில் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாடிக் கழிவறை தெரு மேன்ஹோல் மூடியைவிட எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது. தெருத் தண்ணீர் அதுவரை ஏறாது, அதற்கு வால்வு தேவையில்லை. தரைத்தளத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு வேண்டும்.

@புதுவீடு உங்கள் மாடிக் கழிவு பைப் வெளிச்சுவரில் தனியாக இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வேலை சின்னது. இரண்டு தளமும் சுவருக்குள்ளேயே ஒன்றாகச் சேர்ந்திருந்தால் பெரிய வேலை, இந்த வருடம் வேண்டாம்.

வால்வு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: மழைக்கு முன் மூடியைத் திறந்து மடலைக் கையுறை போட்டுத் தூக்கிப் பாருங்கள். முடி, பிளாஸ்டிக் கவர், கெட்டியான எண்ணெய் ஏதாவது சிக்கி மடல் பாதியில் நின்றால் வால்வு இருந்தும் இல்லாததுதான்.

புதுவீடு

மாடிப் பைப் தனியாகத்தான் இறங்குகிறது. ஆனால் இந்த வருடம் வால்வு வேலை வரை போக முடியுமா என்று தெரியவில்லை. அவசரத்துக்கு ஏதாவது வழி?

குழாய்க்காரன்

இருக்கிறது. நஹானி டிராப் ஜாலியைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் சரியாகப் பொருந்தும் இரண்டடி பைப்பை ரப்பர் வளையத்தோடு இறுக்கமாகச் சொருகி வையுங்கள். ரிவர்ஸ் வந்தால் தண்ணீர் பைப்புக்குள் ஏறி நிற்கும், தரைக்கு வராது. வாயை முழுக்க அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும். திறந்த பைப்பில் அந்தத் தொல்லை இல்லை, எவ்வளவு ஏறுகிறது என்றும் கண்ணுக்குத் தெரியும்.

இந்தியன் டாய்லெட் தரை மட்டத்தில் இருப்பதால் அதுதான் அடுத்து வழியும். அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து மணல் மூட்டை. வெஸ்டர்ன் உயரமாக இருப்பதால் கொஞ்சம் நேரம் கொடுக்கும். மாடிக்காரர்களிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்: தெரு மேன்ஹோல் வழிய ஆரம்பித்தால் போன் வரும், அதன்பிறகு வாஷிங் மெஷின் போடக் கூடாது.

இன்னொன்று. தெருவில் தண்ணீர் நின்றால் சிலர் கம்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடை மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். தெருத் தண்ணீர் அரை மணி நேரம் வடிகிற மாதிரி இருக்கும். அது மண்ணும் குப்பையுமாக உள்ளே போய் லைனையே அடைத்துவிடும். மூடி திறந்திருப்பது தெரியாமல் யாராவது உள்ளே விழுந்தால் உயிர் போய்விடும்.

மொட்டைமாடி

சம்ப் பற்றி யாரும் பேசவில்லையே. மழைக்கு முன் காலி பண்ணிக் கழுவி, காலியாகவே வைத்திருந்தால் மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள்.

பழைய ஏ.இ.

கழுவுங்கள், செப்டம்பரிலேயே கழுவுங்கள். ஆனால் அடைமழைக் காலத்தில் காலியாக வைக்காதீர்கள்.

மழை தொடர்ந்தால் நிலத்தடி நீர் மேலே வந்து சம்ப்பைச் சுற்றி நிற்கும். வெளியே தண்ணீர், உள்ளே வெற்றிடம். ஒரு கன மீட்டர் இடத்துக்கு ஒரு டன் வீதம் கீழிருந்து மேலே தள்ளும். சாதாரண வீட்டுச் சம்ப் ஒன்றுக்கு வெளி அளவில் கணக்குப் போட்டால் 6, 7 டன் வரும். நல்ல கான்கிரீட் சம்ப்பை அதன் எடையும் சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் சேர்ந்து நிறுத்திவிடும். செங்கல்லில் கட்டிப் பூசிய பழைய சம்ப்பில் அடித்தளம் விரிசல் விடும். விரிசல் வழியாக வெளியே இருக்கிற தண்ணீர், பக்கத்தில் சாக்கடை இருந்தால் அதுவும் சேர்ந்து, உங்கள் குடிநீரில் கலக்கும். தரைக்குள் புதைத்த பிளாஸ்டிக் தொட்டி என்றால் படகு மாதிரி மிதந்தே வந்துவிடும். நிரம்பிய சம்ப்பில் உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருப்பதால் இந்தத் தொல்லை எல்லாம் குறைவு.

புயல் எச்சரிக்கை வந்தால் சம்ப்பை நிரப்புங்கள், மாடித் தொட்டியையும் நிரப்புங்கள். மின்சாரம் போனால் அதுதான் கைகொடுக்கும். அப்புறம் சம்ப்பின் ஓவர்ஃப்ளோ பைப் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். காம்பவுண்டுக்குள் தரை மட்டத்தில் திறந்தால், வெள்ளம் வந்ததும் அதுவே உள்ளே வரும் வாசல். அதற்கு ஒரு மூடி வாங்கி வையுங்கள், எச்சரிக்கை வரும் நாளில் திருகிவிடலாம்.

குழாய்க்காரன்

சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் சுற்றி ஒன்றரை அடிக்குச் சுவர் எழுப்பி மூடியை மேலே கொண்டுவாருங்கள். ஒரு நாள் கொத்தனார் வேலை. அந்த ஷவர் பணத்தில் இதைச் செய்துவிடலாம்.

அடுக்குமாடி செயலர் (அண்ணாநகர்)

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் வாட்ச்மேன் கைப்பிடிக் கணக்கில் போடுகிறார். ஒரு வாரம் தண்ணீர் நீச்சல்குளம் மாதிரி மணக்கிறது.

பழைய ஏ.இ.

இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது இது.

தொட்டியைக் கழுவியபின், அல்லது வெள்ளத் தண்ணீர் உள்ளே புகுந்தபின் செய்யும் கிருமி நீக்கம் ஒன்று. அதற்கு 1,000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் நல்ல பவுடர். அந்தத் தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்தி, குழாய்களைத் திறந்து லைன் முழுக்க ஓடவிட்டு, பிறகு முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும். குடிக்கவோ குளிக்கவோ கூடாது. வெள்ளத்துக்குப் பின் செய்வதானால் சுற்றியுள்ள தண்ணீர் வடிந்து தரை இறுகும்வரை பொறுத்துச் சம்ப்பைக் காலி பண்ணுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

அன்றாடம் பயன்படுத்தும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவுதான், போட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பயன்படுத்த வேண்டும். உங்கள் வாட்ச்மேன் முதல் அளவை இரண்டாவது வேலைக்குப் போடுகிறார். பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. டாய்லெட் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைக் கெடுக்கும்.

யாழ் கிணறு

வணக்கம், நான் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இதே மாரி மழைதான், ஐப்பசி கார்த்திகையில் தொடங்கும். இங்கே வீட்டுக்கு வீடு கிணறு, நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் மலக்குழித் தண்ணீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடக்கூடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள். சின்னக் காணிகளில் அது எங்கே முடிகிறது? அதனால் நாங்கள் மாரிக்கு முன்னரே பவுசரைக் (கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி) கூப்பிட்டுக் குழியை எடுத்துவிடுவோம். மழை தொடங்கினால் பவுசருக்கு வரிசை, நிலமும் ஊறி ஒழுங்கைக்குள் வண்டி இறங்காது. கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சீமெந்துத் தளத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் இப்போதே பூசுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவிக்கலாம்.

முடிச்சூர்வாசி

எங்கள் பக்கமும் செப்டிக் டேங்க்தான். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். யாழ் நண்பர் சொன்னதுபோல மழைக்கு முன் எடுத்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது பொது விதி. மழை நடுவில் டேங்க்கை முழுக்கக் காலி செய்தால் சம்ப்புக்குச் சொன்ன அதே ஆபத்துதான், அதிலும் ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு கேள்வி. அடியில் கெட்டியானதை லாரிக் குழாய் இழுக்கவில்லை, ஆளை இறக்கி அள்ளிவிடலாமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

குழாய்க்காரன்

முடியாது என்று சொல்லுங்கள் அண்ணே. தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி இழுக்கட்டும், இல்லையென்றால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும் வாயுவுக்கு மூக்கை நம்ப முடியாது. அதிகமாக இருந்தால் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். இந்தத் தொழிலில் தெரிந்தவர்களை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய ஏ.இ.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ன் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது. இறந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

மொட்டைமாடி

கொசுவை விட்டுவிட்டீர்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். சின்டெக்ஸ் மூடி உடைந்திருந்தால் மூடி மட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஓவர்ஃப்ளோ பைப் வாயிலும் செப்டிக் டேங்க் காற்றுக் குழாய் உச்சியிலும் நைலான் வலை கட்டுங்கள்.

ஊட்டிக்காரர்

சமவெளி நண்பர்களுக்கு மழை, எங்களுக்கு அதற்கு அடுத்துப் பனி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் காலையில் புல்மேல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெளியே ஓடும் பைப்பில் நிற்கும் தண்ணீரும் உறையும். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், பைப் வெடிக்க அது போதும். வெடித்தது உறைந்திருக்கும்போது தெரியாது, பத்து மணிக்கு வெயில் வந்தபின்தான் பீய்ச்சும். தகரக் கூரைமேல் போன பைப்புக்கும் தொட்டி வாயிலுக்கும் கறுப்பு ஃபோம் உறை போடுங்கள். கிடைக்காவிட்டால் சாக்கைச் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் கட்டுங்கள், சாக்கு நனைந்தால் பயனில்லை. உறைந்துவிட்டால் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெதுவெதுப்பான துணியால் ஒற்றுங்கள், கொதிநீர் ஊற்றினால் பைப் பிளந்துவிடும்.

தண்ணிலாரி

நீலம் ஊற்றினேன். இரண்டு பைப்புமே சாக்கடையில். மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறேன். ஏ.இ. சார், ஒருத்தன் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது என்னிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்.

அடுக்குமாடி செயலர்

மோட்டார் பற்றி ஒரு கேள்வி. எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டி சம்ப்புக்கு மேலேயே, தரையிலிருந்து இரண்டடியில் இருக்கிறது. மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் அதுவரை வந்தது.

பழைய ஏ.இ.

உடனே மேலே ஏற்றுங்கள், உங்கள் தெருவில் இதுவரை வந்த உச்ச மட்டத்துக்கும் மேலே. மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். எர்த் கம்பி எங்காவது அறுந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள். காம்பவுண்டுக்குள் தண்ணீர் ஏறினால் மெயினை அணைக்காமல் சம்ப் பக்கம் யாரும் போகக் கூடாது. தண்ணீர் புகுந்த மோட்டாரை வடிந்ததும் போட்டுப் பார்க்காதீர்கள், காயவைத்து இன்சுலேஷன் சோதித்தபிறகுதான்.

புதுவீடு

எல்லோருக்கும் நன்றி. குழி கிடைத்துவிட்டது, போர்ட்டிகோவில் மூன்று டைல்ஸ் உடைத்தோம். தண்ணீர் இறங்கவில்லை, களிமண்தான். போர் போட ஆள் வருகிறார். சமையலறைப் பைப்பை மாற்றிவிட்டு, சம்ப் மூடியை உயர்த்தப் போகிறோம். வால்வு தை மாதத்துக்குப் பிறகு. மழைக்குச் சம்பந்தமில்லாத ஒரே ஒரு கேள்வி: பழைய ஓனர் விட்டுப்போன கீசர் இருக்கிறது, கோடை முழுக்கப் போடவில்லை. நவம்பரில் அப்படியே போடலாமா?

குழாய்க்காரன்

முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வருகிறதா பாருங்கள், அப்புறம்தான் ஸ்விட்ச். காலி கீசரைப் போட்டால் சூடாக்கும் காயில் (கம்பிச்சுருள்) எரிந்து போய்விடும். பக்கத்தில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு இருக்கும், அதன் நெம்புகோலைத் தூக்கினால் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் உப்பு அடைத்திருக்கிறது, மாற்றாமல் போடாதீர்கள். சொட்டுகிறதே என்று அதை எம்சீல் வைத்து அடைத்த வீடுகளும் பார்த்திருக்கிறேன், அது வெடிகுண்டு.

போர் தண்ணீரில் ஓடின கீசர் என்றால் உள்ளே உப்பு கட்டியாகப் படிந்திருக்கும். கம்பெனி ஆளைக் கூப்பிட்டுத் திறந்து சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருப்பது அதனால்தான். கீசரிலிருந்து வரும் பைப் வெள்ளை யுபிவிசியா, வெளிர்மஞ்சள் சிபிவிசியா என்றும் பாருங்கள். வெள்ளை என்றால் சுடுதண்ணீருக்கு ஆகாது, இளகி ஜாயின்ட் விட்டுவிடும். போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.